பிளாஸ்டிக் சாக்கெட்டும் முப்பது நாளும்

பிளாஸ்டிக்கை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை மேடம். அதனதன் இடத்தில் வைத்தால் அது நல்ல பொருள். துருப்பிடிக்காது, கையைக் கீறாது, விலையும் கம்மி. வீட்டுக்குள் சுவரோரமாக உட்கார்ந்திருக்கும் ரவுட்டருக்குப் பிளாஸ்டிக் சாக்கெட் தாராளமாகப் போதும். இந்தக் காலத்தில் ஆளாளுக்கு நாலு வரி படித்துவிட்டு, மெட்டல் சாக்கெட் இருந்தால்தான் போர்டு, இல்லாவிட்டால் குப்பைத்தொட்டி என்று அடித்துப் பேசுகிறார்கள். பதினேழு வருஷமாக இந்தப் போர்டுகளோடு மல்லுக்கட்டுகிறவன் நான். எனக்கே அவ்வளவு தைரியமாகப் பேச வராது.

தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை உங்கள் கைப்பட எழுதுங்கள், சுருக்கமாக இருக்கட்டும் என்றீர்கள். சுருக்கமாக எழுதினால் நான் ஏதோ பொல்லாதவன் என்று தோன்றிவிடும். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

கேபிள் இழுக்க முடியாத இடங்களுக்குக் காற்று வழியாக இன்டர்நெட் கொடுக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. முதலாளி ஒருவர், போன் எடுக்க ஒரு அம்மா, டவரில் ஏற ஒருவர், பழுது பார்க்க நான். நாள் முழுக்கக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. வாடிக்கையாளர்கள்கூட, "பூதக்கண்ணாடி இருக்காரா?" என்றுதான் போனில் கேட்பார்கள். டவரில் ஏறுகிறவருக்குப் பல்லி என்று பெயர். அந்தப் பல்லி என் தங்கையின் கணவர். எனக்கு மாப்பிள்ளை.

நீங்கள் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தீர்களா, தெரியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மொட்டைக் குன்று. அதன் தலையில் எழுபதடி டவர். உச்சியில் நான்கு பெட்டிகள், பெட்டிக்கு ஒரு ரவுட்டர் போர்டு. கீழே ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் நான்கு அடாப்டர்கள். அங்கிருந்து மேலே போகும் கேபிளிலேயே இன்டர்நெட்டும் போகும், மின்சாரமும் போகும். கேபிள் முனையில் உள்ள பிளக்கைப் போர்டில் இருக்கும் சாக்கெட்டில் செருகினால் க்ளிக் என்று உட்காரும். மெட்டல் சாக்கெட்டிலும் அதே க்ளிக், பிளாஸ்டிக் சாக்கெட்டிலும் அதே க்ளிக். அதனால் ஏறுகிறவர்கள் சாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. அதைப் பார்ப்பது என்னைப் போன்றவர்களின் வேலை.

அந்தக் குன்றில் வருஷத்தில் எட்டு மாதம் வறண்ட காற்று அடிக்கும். சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளிடம் கொண்டுபோனால் இழுத்துக்கொள்ளுமே, அதே மின்சாரம் அந்தக் காற்றில் உரசி உரசிக் கேபிளில் சேரும். சேர்வதில் தப்பில்லை. வெளியே போக அதற்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். சாக்கெட்டுக்கு உலோக உறை இருந்து, கேபிளுக்குள்ளும் உலோக உறை ஓடி, கீழே கொட்டகையில் அது எர்த் வயரோடு சேர்ந்திருந்தால், சேர்வது சேர்ந்தபடியே மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் சாக்கெட்டில் அந்த வழி கிடையாது. உள்ளேயே அடைபட்டு நிற்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் போர்டிலுள்ள சிப்பின் மேல் பாயும். சிப் செத்துவிடும், லைன் போய்விடும். பிறகு ஆள் ஏறி, போர்டைக் கழற்றி என் மேஜைக்குக் கொண்டுவந்து, நான் புதுச் சிப் வைத்துக் கொடுத்து, மறுபடி ஏறி மாட்ட வேண்டும். இது தெரிந்தால் மீதியெல்லாம் உங்களுக்குத் தானாகவே புரியும்.

இப்போது பாப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். என் தங்கையை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தொரு வயதாகிவிட்டது, இன்னும் வாயில் அதுதான் வருகிறது. அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது அவளுக்கு எட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. தலை பின்னத் தெரியாமல் நெட்வொர்க் கேபிளை முறுக்குகிற மாதிரி முறுக்கிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். அவள் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை, ஆசிரியைதான் சொன்னார். அப்போதே அவளுக்கு என்மேல் அவ்வளவு பாசம். நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டீர்கள். நேரம் எங்கே இருந்தது?

மாப்பிள்ளையைப் பார்த்து முடித்ததும் நான்தான். பக்கத்து மேஜையில் வேலை செய்கிறவர், குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். கண்ணுக்கு எதிரிலேயே இருப்பார். கல்யாணத்துக்கு என் வீட்டின் மேல் ஒரு மாடி கட்டிக் கொடுத்தேன். மாடிப்படியை வெளியே வைக்கலாம் என்றார் கொத்தனார். மழையில் வழுக்கும் என்று நான்தான் என் கூடத்துக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். யார் ஏறினாலும் இறங்கினாலும் என் கூடத்தின் வழியாகத்தான் வர வேண்டும். எட்டு வருஷத்தில் அந்தப் படிகளில் ஒருவரும் வழுக்கி விழுந்ததில்லை.

வீட்டு ரவுட்டரையும் நான்தான் வைத்துக் கொடுத்தேன். எந்த போன் எந்த நேரத்தில் சேர்கிறது, எப்போது விலகுகிறது, எந்தெந்தப் பக்கங்களைத் திறக்கிறது என்று அதில் ஒரு பட்டியல் தானாகவே பதியும். வேவு பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாப்பாவுக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று காலையில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். அப்படிப் பார்த்தபோதுதான் அவள் வேறு ஊரில் வாடகை வீடு தேடுவது தெரிந்தது. ஒரு வாரமாகத் தேடியிருக்கிறாள்.

நான் கேட்கவில்லை. அவர்களே சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பத்து நாள் கழித்து மாப்பிள்ளைதான் டீக்கடையில் மெல்ல ஆரம்பித்தார்.

"மச்சான், ஒரு நல்ல வேலை வந்திருக்கு. சர்வர் ரூம் வேலை. ஏசிலயே உட்கார்ந்துக்கலாம். டவர் ஏற வேண்டாம்."

"எந்த ஊர்ல மாப்ள?"

சொன்னார். ஒரு ராத்திரியும் அரைப் பகலும் ரயிலில் போக வேண்டிய ஊர்.

"அவ்வளவு தூரமா?"

"பாப்பாதான் ரொம்ப ஆசைப்படறா மச்சான். தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு இந்த வீட்ல மூச்சு முட்டுற மாதிரி இருக்காம்."

அதை அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷமாக மேலே காற்றோட்டம் போதவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு மேல்மாடிச் சுவரை உடைத்து ஒரு பெரிய ஜன்னல் வைத்துக் கொடுத்தேன். பாப்பா அந்த ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திக்குமுக்காடிப் போய்விட்டாள் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அந்த வேலைப் பேச்சு நிற்கவில்லை. புது நிறுவனத்தில் பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதம் கேட்டார்கள். இங்கேதான் எங்கள் முதலாளியின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒரு லைனைக் கட்டி எழுப்பியவர் அதை ஒப்படைத்துவிட்டுத்தான் வேலையை விட்டுப் போகலாம். ஒப்படைப்பது என்றால், அந்த லைன் முப்பது நாள் ஒரு புகாரும் இல்லாமல் ஓட வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் புகார் வந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். முப்பதாம் நாள் காலையில் மேலே ஏறி நான்கு பெட்டிகளையும் படம் எடுத்துக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவார். நாளைக் குறிக்க அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் தினமும் காலையில் எண்ணை அழித்து எழுதுவது யார் என்று கேட்டால், நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மொட்டைக் குன்று மாப்பிள்ளை கட்டிய லைன். பலகையில் எண்ணிக்கை ஏழு என்று இருந்தபோது ஒரு போர்டு பழுதாகி வந்தது. அது தற்செயல்தான், நம்புங்கள். சிப்பை மாற்றினேன். சாக்கெட்டும் ஒரு ஓரத்தில் நெளிந்திருந்தது. என் இழுப்பறையில் இரண்டு டப்பாக்கள் உண்டு. ஒன்றில் மெட்டல், இன்னொன்றில் பிளாஸ்டிக். கை பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போனது. பூதக்கண்ணாடி வழியாக அந்த எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். சுத்தமான வேலை. யார் எடுத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் நாள் காற்று கிளம்பியது. லைன் போனது. பலகையைத் துடைத்துவிட்டு ஒன்று என்று எழுதினேன்.

அடுத்த முறை பதினெட்டு வரை போனது. அதற்கடுத்து ஒன்பது. ஒருமுறை இருபத்துமூன்று வரை போய் என்னைக் கலங்கடித்துவிட்டது. போர்டு வரும், சிப்பை மாற்றுவேன், சாக்கெட்டைத் தொடமாட்டேன். சில சமயம் நான்கில் இன்னொரு பெட்டியின் போர்டையும், தூசி தட்டலாம் என்று கீழே வரவழைத்து, அதற்கும் பிளாஸ்டிக் வைத்து அனுப்புவேன். இப்படியே அந்தக் காற்றுக்காலத்தில் பாதி ஓடிவிட்டது. புது நிறுவனம் இரண்டு தடவை கெடு தள்ளிக் கொடுத்தது. மாப்பிள்ளை சளைக்காமல் ஏறி இறங்கினார்.

"என்ன மச்சான், இந்தக் காத்துக்கும் எனக்கும் ஏதாவது பங்காளித் தகராறா?" என்று சிரிப்பார்.

"உங்களைப் பிரிய அதுக்கு மனசு வரல போல மாப்ள" என்பேன் நான்.

டவரில் ஒருவர் ஏறினால் கீழே ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் நான்தான் நின்றேன். போன் எடுக்கும் அம்மாவின் தம்பி வருகிறேன் என்றார். நான் விடவில்லை. நமக்கு வேண்டியவரை இன்னொருவர் பொறுப்பில் விடுவதாவது. அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆனால் அவர் ஏறுகிற முறை மனப்பாடம் ஆகிவிட்டது. எந்தக் கம்பியில் மூச்சு வாங்குவார், எங்கே கையைத் துடைத்துக்கொள்வார் என்று கண்ணை மூடினாலும் சொல்வேன்.

இந்தச் சமயத்தில் பாப்பா ஒருநாள் என் கூடத்தில் வந்து நின்றாள். வழக்கமாகக் கடந்து போய்விடுவாள். அன்று நின்றாள்.

"அண்ணா, அந்த லைன் ஏன் நிக்கவே மாட்டேங்குது?"

"காத்து பாப்பா. யார் என்ன பண்ண முடியும்?"

"உங்களால முடியாததா? நீங்க நெனச்சா சரி பண்ணிடலாமே."

"பாக்கறேன்மா."

"ப்ளீஸ்ணா. அவர் ஒவ்வொரு தடவை ஏறும்போதும், இறங்கிட்டேன்னு போன் வர்ற வரைக்கும் ஜன்னல்லயே நிக்கிறேன். நாங்க போயிடறோம்ணா. எங்களை விட்டுடுங்க."

கடைசியில் சொன்னதை அவள் வேறு மாதிரி சொல்ல நினைத்திருப்பாள். களைப்பில் வார்த்தை இடம் மாறிவிட்டது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் மாடிக்குப் போன பிறகு வெகுநேரம் எனக்கு அழுகை அடங்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை கண்டுபிடித்தார். பத்தொன்பதாவது முறை ஏறி நான்கு போர்டுகளையும் கழற்றிவந்தவர், ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மச்சான், இது பிளாஸ்டிக் சாக்கெட்டு. ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சேன். வெளிய வைக்கிற போர்டுல மெட்டல் போட்டு, ஒழுங்கா எர்த் பண்ணா இந்தத் தொல்லையே வராதாம்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. என் மேஜையில் வந்து எனக்கே பாடம். இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "அப்படியா மாப்ள? மெட்டல் இப்ப ஸ்டாக் இல்லையே" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் இழுப்பறையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு எப்போதும் போல் சிரித்துவிட்டு, "பரவாயில்ல, நான் வரவழைச்சுட்டேன்" என்று சட்டைப் பையிலிருந்து நான்கு மெட்டல் சாக்கெட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். நான்கு போர்டுகளையும் நான் முடிக்கும்வரை எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் நல்லவர் மேடம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நானும் நன்றாகவே செய்து கொடுத்தேன். அரைகுறை வேலை செய்ய எனக்குக் கை வராது.

அதன் பிறகு லைன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டது. காற்று தலைகீழாக அடித்துப் பார்த்தது. அசையவில்லை. பத்து எழுதினேன், பதினைந்து எழுதினேன். இருபது எழுதியபோது முதலாளி பலகைக்கு முன்னால் நின்று, "பல்லி தப்பிச்சுடும் போலிருக்கேப்பா" என்றார். மேல்மாடியில் பாப்பா அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தாள். அவள் பாடி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. கட்டின பெட்டிகளை மேலே வைக்க இடமில்லாமல் என் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கினார்கள். சாப்பிட உட்கார்ந்தால் அவற்றின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அந்த வீட்டில் நான் ஒருவன் இருக்கிறேன் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது போல் இருந்தது. என் வீட்டில் நானே அடைபட்டுக் கிடந்தேன் மேடம். யாரிடம் போய்ச் சொல்ல?

இருபத்தாறாம் நாள் நான் தனியாகக் குன்றுக்குப் போனேன். கொட்டகைக்குள் எர்த் வயரின் நட்டைக் கழற்றி, வயரைத் தள்ளி வைத்தேன். பிளாஸ்டிக் இல்லாமலே பிளாஸ்டிக்கின் பலன் கிடைக்கட்டும் என்றுதான். சேர்வது வெளியே போக வழியில்லாவிட்டால் ஏதாவது ஒரு சிப் சாகும், எண்ணிக்கை ஒன்றுக்குத் திரும்பும், பெட்டிகள் மாடிக்குத் திரும்பும். வேறு எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் முழுவதையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். மெட்டல் சாக்கெட்டில் ஒரு சங்கடம் உண்டு. அடாப்டர் என்றால் கொஞ்சம் மின்சாரம் கசியத்தான் செய்யும். எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபிளின் உலோக உறை வழியாக மேலே ஏறி, பிளக்கிலும் சாக்கெட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நான்கு அடாப்டர்களின் கசிவும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு கை பிளக்கிலும் ஒரு கை டவர் கம்பியிலும் இருக்கிறவருக்கு ஒரு சுரீர். பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் அந்தக் கசிவு போர்டின் வாசலுக்கே வந்திருக்காது. நான் பிளாஸ்டிக்கைக் குறை சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் சுரீர் ஒருவரையும் கொல்லாது. இதை நான் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. இருபத்தைந்தாம் நாளே என் மேஜையில் நான்கு அடாப்டர்களையும் அதேபோல் இணைத்து, ஒரு கையில் இரும்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். எதையும் சோதிக்காமல் செய்வது என் வழக்கமில்லை. கட்டெறும்பு கடித்தது போல் இருந்தது. இரண்டு கைகளும் தாமாகவே பின்னால் துள்ளின. பக்கத்தில் இருந்த டீ டம்ளர் கவிழ்ந்து மேஜையெல்லாம் டீ. துடைத்துவிட்டேன். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதால் வேறொன்றும் ஆகவில்லை.

இருபத்தேழாம் நாள் காற்று நின்றுவிட்டது. அந்தப் பருவத்தில் அப்படி நிற்கவே நிற்காது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, ஒரு இலை அசையவில்லை. லைன் ஜம்மென்று ஓடியது. முப்பதாம் நாள் காலையில் நான்தான் பலகையில் முப்பது என்று எழுதினேன். போன் எடுக்கும் அம்மா கைதட்டினார். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். ஒப்படைப்புப் படம் எடுக்க நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் கிளம்பினோம். வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். அந்த ஊரில் எனக்கும் ஒரு அறை இருக்கும், மாதம் ஒருமுறையாவது வர வேண்டும் என்றார். பாப்பாவுக்குத் தெரியாமல் சொல்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

குன்றின் உச்சிக்குப் போனதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் இருக்கும். ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று கம்பியில் இருக்க வேண்டும். அவரும் அப்படித்தான் ஏறுவார், ஒரே ஒரு இடத்தைத் தவிர. பெட்டிகளுக்குக் கீழே ஒரு குறுக்குக் கம்பி துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தாண்டக் கொக்கிகள் இடைஞ்சல் என்று இரண்டையும் எடுத்துவிடுவார். தாண்டியதும் இடது கையால் டவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் முதல் பெட்டியின் அடியில் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கொக்கியை மாட்டுவார். இருபது முறையும் அப்படித்தான். இருபது முறையும் நான் கீழே நின்று பார்த்திருக்கிறேன். எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அதைத் தப்பு என்று அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் மனசு சங்கடப்படுவார்.

மருத்துவர் மின்சாரத்தால் மரணம் இல்லை என்று எழுதினார். அது முழு உண்மை.

விழுந்ததும் நான் முதலில் அவரிடம்தான் ஓடினேனா என்று கேட்டீர்கள். இல்லை. முதலில் கொட்டகைக்குப் போய் எர்த் வயரை மாட்டி நட்டை இறுக்கினேன். இரண்டு நிமிஷம் பிடித்தது. அதை அப்படியே விட்டிருந்தால் அடுத்து ஏறுகிறவருக்கு ஆபத்தில்லையா? பிறகு அவரிடம் போனேன். அதுவரை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்தபோது நிறுத்திவிட்டார். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்கு போன் செய்தேன். உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள், கொக்கி மாட்டாததால் விபத்து என்று எழுதினார்கள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். கொக்கி மாட்டியிருக்கவில்லைதான்.

பெட்டிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக நானே பிரித்து அடுக்கினேன். எட்டு மாதம் ஆகிறது. பாப்பாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டை மேலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவள் பேசுவதில்லை, துக்கம் அப்படித்தான் இருக்கும். போனையும் வீட்டு ரவுட்டரில் சேர்ப்பதை நிறுத்திவிட்டாள். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்பதே தெரிவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

போன திங்கட்கிழமை படியிறங்கி வந்து, கூடத்தில் நிற்காமலே சொன்னாள். மாப்பிள்ளைக்கு வேலை தருவதாக இருந்தார்களே, அதே நிறுவனத்தில் அவளுக்கு வரவேற்பு மேஜையில் வேலை கிடைத்திருக்கிறதாம். வருகிற வெள்ளிக்கிழமை ரயில். ஒரு பெட்டிகூடக் கட்டப் போவதில்லையாம், கைப்பையோடு போகிறாளாம்.

நான்கு நாள் யோசித்தேன். இந்த முறை எனக்கு ஏறுகிறவர் இல்லை, போர்டு இல்லை, பலகையில் எண்ணிக்கை இல்லை. பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது. நேராக இங்கே வந்தேன். ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். இருந்தாலும் வந்தேன்.

ஆகவே, என் தங்கையின் கணவரை நான்தான் கொன்றேன். சுயநினைவோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கையெழுத்திடுகிறேன். வழக்கை மறுபடி திறப்பீர்கள் அல்லவா? பாப்பாதான் முக்கியச் சாட்சியாக இருப்பாள். விசாரணை முடியும்வரை அவள் இந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்று கேள்விப்பட்டேன். சம்மன் வியாழக்கிழமைக்குள் அவள் கையில் கிடைக்கும்படி தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் படித்தால் அவள் நொறுங்கிப் போவாள் மேடம். அந்த நிலைமையில் இருக்கும் பெண்ணை முன்பின் தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்ப எந்த அண்ணனால் முடியும்?